அனுராதாவின் கார்

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தாள் பிரகதீஸ்வரி. செல்போன் வெளிச்சத்தில் ஒரு பொட்டுத் துருகூடக் கண்ணில் படவில்லை. வாங்கப்போகிறவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ எரிச்சலாக வந்தது.

"எப்படித்தான் வச்சிருந்தாளோ, பாவி! நேத்து ஷோரூம்லேருந்து எடுத்த மாதிரி இருக்கு."

"என்ன இருந்தாலும் இன்னொருத்தர் ஓட்டுன வண்டிதானே ஈஸ்வரி," என்றார் அவள் கணவர் மதிவாணன். நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பியபோதே அவர் முகம் சரியில்லை. "நம்ம தெருவுக்கு இதெல்லாம் எதுக்கு? தரையோட தரையாக் கெடக்கு. ஸ்பீட் பிரேக்கர்ல தட்டும்."

"அவளுக்குத் தட்டலையே?"



அவள் என்றால் அனுராதா. மூன்று வருடத்துக்கு முன்னால் இவர்களுடைய தெருவுக்குத் தனியாகக் குடிவந்து, கடைத்தெருவில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்தவள். வந்த ஆறாம் மாதம் இந்தக் கார் அவள் வாசலில் வந்து நின்றது. துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பிரகதீஸ்வரியிடம் இல்லாத வசதியா? அப்பா கொடுத்த வலங்கைமான் நிலம் இருந்தது. வாடகைக்கு ஓடும் இரண்டு அறுவடை மெஷின்கள், கணவரின் ரைஸ் மில் எல்லாம் இருந்தன. ஆனால் வைக்கோல் தூசியும் வியர்வையுமாக ஸ்கூட்டியில் அவள் வீடு திரும்பும்போது, கூலிங் கிளாஸ் மாட்டிய அனுராதா அவளை ஓரங்கட்டிவிட்டுப் பறப்பாள். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

தெருவே அந்தக் காரைத் திரும்பிப் பார்க்கும். மதிவாணன் மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுக்க மாட்டார். அதில் பிரகதீஸ்வரிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன வாரம் அனுராதா கடையைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூர் போகிறாள், காரையும் விற்கிறாள் என்று செய்தி வந்தது. அன்று மாலையே அவள் வாசலில் போய் நின்றாள் பிரகதீஸ்வரி. தான் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வர, அனுராதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டும். அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

அனுராதா பேரம்கூடப் பேசவில்லை. சிரித்தபடி சாவியை நீட்டினாள். "நல்லா செக் பண்ணிக்கிட்டு வாங்குங்கக்கா. நான் சொல்றத நம்ப வேணாம். தஞ்சாவூர்ல சர்வீஸ் விட்ட எடத்துலயே ஹிஸ்டரி கேட்டுப் பாத்துடுங்க."

அந்த 'அக்கா'வே பிரகதீஸ்வரிக்கு நான்கு நாள் எரிந்தது. ஆனாலும் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டாள்.

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் ஆஸிம் என்பவர் உட்கார்ந்திருந்தார். பழைய ஊழியர் மாற்றலாகிப் போய், அவர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"எங்கயாவது இடிச்சிருக்கா, இன்ஜினைப் பிரிச்சிருக்கா, கிலோமீட்டர் சரியா, ஒண்ணு விடாம வேணும்," என்றாள் பிரகதீஸ்வரி. "பேப்பர் பாக்காம அறுவடை மெஷின் வாங்கி ஒரு தடவை ஏமாந்தவ நான்."

மதிவாணன் குறுக்கே வந்தார். "நாளைக்கு நம்ம மெக்கானிக்க வச்சுப் பாத்துக்கலாம். மழை வர்ற மாதிரி இருக்கு, கெளம்பு."

"வரட்டும். கார்லதானே போறோம்?"

ஆஸிம் கார் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "எடுத்ததுலேருந்து இங்கதான் மேடம் வந்திருக்கு. அஞ்சு தடவை இன்ஸ்பெக்ஷன் ஆயிருக்கு. ஒண்ணுகூட ஒரு நாள் தள்ளிப் போகல. போன்ல தேதி சொல்லிடுவாங்களாம், நம்ம ஆளு போயி வண்டிய எடுத்துட்டு வந்திருக்காரு."

பிரகதீஸ்வரி கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? யாரோ அவளுக்கு எப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காங்க! என் ஸ்கூட்டிக்கு ஆயில் மாத்தச் சொல்லி ஆறு மாசமாக் கத்துறேன்."

மதிவாணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"முழு ரிப்போர்ட் தொறக்கணும்னா, இதுல பதிஞ்சிருக்கற போன் நம்பருக்கு ஓ.டி.பி. போகும் மேடம்," என்றார் ஆஸிம். "ஓனர்கிட்டப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றீங்களா?"

"கேக்கறேன். நீங்க அனுப்புங்க."

பிரகதீஸ்வரி தன் போனில் அனுராதாவின் எண்ணைத் தேடி எடுத்தாள். ஆஸிம் பட்டனை அழுத்தினார்.

மதிவாணனின் சட்டைப் பையில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

வெள்ளைச் சட்டைக்குள் போன் திரை பளிச்சென்று எரிந்தது. அவர் கை அவசரமாகப் போய்ப் பையை மூடியது. "ஏதோ... விளம்பரமா இருக்கும்."

பிரகதீஸ்வரி அவரையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற சிவப்புக் காரைப் பார்த்தாள்.

"ஓனர் எடுத்தாங்களா மேடம்? ரெண்டு நிமிஷம்தான் டைம்," என்றார் ஆஸிம்.

அவள் தன் போனை நிதானமாகக் கைப்பைக்குள் வைத்தாள். கவுண்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கணவர் பக்கம் திரும்பினாள்.

"நம்பரப் படிங்க. ஹிஸ்டரிய முழுசாப் பாத்துடுவோம்."