உப்புத்தாள் போட்ட வாள்

வாளின் பிடியைக் கழற்றிப் பார்த்த இசோகாய், நம்பாமல் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

அறுநூறு வருஷத்து வாள் அது. பிடிக்குள் மறைந்திருக்கும் அடிக்காம்பு, கறுத்துத் துருவேறிக் கிடக்க வேண்டியது, நேற்றுக் கடையில் வாங்கிய கரண்டி மாதிரி பளபளவென்று மின்னியது. கொல்லன் தன் பேரை வெட்டியிருந்த இடத்தில் இரண்டு மூன்று கீறல்தான் மிச்சம்.

"யார் பண்ணின வேலை இது?"

"நான்தான், சென்செய்," என்றாள் ஃபுசாயோ. "டோக்கியோவுக்குப் போற பொருளாச்சே, அழுக்கா அனுப்பக் கூடாதேன்னு உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சேன்."

வாளை எடுத்துப்போகக் கூட வந்திருந்த ஒகாயாமா வாள் சங்கத்துக்காரர்கள் நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னே? வாள் சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அலகில் துரு வந்தால் தீட்டுகிறவர் எடுத்துவிடுவார். காம்பில் இருக்கிற துருவை மட்டும் எவனும் தொடமாட்டான். வாளுக்கு என்ன வயசு, அதில் வெட்டிய பேர் அசலா போலியா என்று சொல்ல அதைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

வாள், ஃபுசாயோவின் கணவர் குராமிட்சுவுடையது. வசந்தத்தில் அவர் காலமாகிவிட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் இதை அசல் என்று முதலில் சொன்னவர் அவருடைய உயிர் நண்பர் இசோகாய்தான். வெள்ளை மர உறைமேல் தன் கைப்பட அப்படியே எழுதி, கீழே பேரும் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குத்தான் ஊர் அவரை 'சென்செய்', அதாவது ஆசான், என்று கூப்பிட ஆரம்பித்தது. அதற்கப்புறம் யார் வாள் வாங்குவதென்றாலும் இசோகாய் தலையாட்ட வேண்டும்.

இனி பாக்கி இருந்தது டோக்கியோ நிபுணர் குழுவின் சான்றிதழ் ஒன்றுதான். அதுவும் வந்துவிட்டால் அவர் கண்ணுக்கு நிகர் இல்லை என்று நாடே ஒத்துக்கொண்ட மாதிரி. நண்பன் நினைவாக என்று சொல்லி எல்லா ஏற்பாட்டையும் அவரே பார்த்துப் பார்த்துச் செய்தார். அது பாட்டுக்கு வீட்டிலேயே இருக்கட்டுமே என்று ஃபுசாயோ இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பொம்பளைக்கு வாளைப்பற்றி என்ன தெரியும் என்று அவர் காதிலேயே வாங்கவில்லை.

இப்போது எல்லாம் போச்சு. இசோகாய் ஃபுசாயோ பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கீங்க. இதுகூடத் தெரியலையா உங்களுக்கு? அவரை இன்னொரு தடவை கொன்னுட்டீங்க."

ஃபுசாயோ பாயில் நெற்றி படக் குனிந்தாள். அறிவில்லாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றாள். எழுந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றி வைத்தாள். ஒருத்தரும் தொடவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் சங்கம் பூராவும் இதே பேச்சு. அறுநூறு வருஷத்தை அரை மணியில் தேய்த்துத் தள்ளிய மகராசி என்று சிரித்தார்கள். இசோகாயே மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொல்லித் தீர்த்தார். சொல்லச் சொல்ல ஆத்திரம் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

மறுநாள் காலையில் வாளைத் தூக்கிக்கொண்டு நம்பாவிடம் ஓடினார். ஊரில் வாள் தீட்டுவதில் நம்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டிக்கொண்டிருந்த கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"பழைய துருவை ஏதாவது பண்ணித் திரும்ப வரவழைக்க முடியுமா, நம்பா-சான்? அந்த முட்டாள் பொம்பளை..."

"யாரு முட்டாள்?" நம்பா வாளைக் கீழே வைத்தார். "குராமிட்சு வீட்டம்மா போன வாரமே இங்க வந்தாங்க. எவ்வளவு தேய்ச்சா எந்த நிபுணராலயும் இனிமே ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுன்னு கேட்டாங்க. என் கையால மாட்டேன்னுட்டேன். தானே தேய்ச்சிருக்காங்க."

இசோகாய் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எதைக் கண்டுபிடிக்க முடியாம?"

"பேரு போலி. பழைய துருமேல எவனோ புதுசா வெட்டிக் கறுப்பேத்தியிருந்தான். பத்து வருஷம் முன்னாடி தீட்டக் கொண்டுவந்தப்பவே குராமிட்சுகிட்ட சொல்லிட்டேன்."

பத்து வருஷம். வாராவாரம் இசோகாய் அந்த வீட்டில் உட்கார்ந்து அந்த வாளைப் பற்றித்தான் பெருமையடித்திருக்கிறார். குராமிட்சுவும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு எதிரேதான் இருந்தார்.

"என்கிட்ட அவன் ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லச் சொன்னேன். அவன் தாங்கமாட்டான், விடுங்கன்னுட்டாரு. அந்தம்மாவும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் போனாங்க. நேத்து நீங்க அவங்களைக் கேட்ட கேள்வி என் காதுக்கு வரலைன்னா இன்னிக்கும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

இசோகாய் உட்கார இடம் தேடினார்.

"துருவைத் தேய்ச்சா ஊரே உங்களைக் காறித் துப்புமேம்மான்னு சொல்லிப் பார்த்தேன்," என்றார் நம்பா. "'எனக்கு முட்டாள்னு பேர் வந்தா வந்துட்டுப் போகுது, சென்செய் பேர் கெடக் கூடாது'ன்னாங்க."