இலவச டிராக்டர்

“இன்னாமா, கோடு குடுக்கறாங்களாம் கோடு! காலையிலேர்ந்து போட்டுக்கினே இருக்கேன், ஒண்ணும் நடக்கல. ஆளுங்கள ஏமாத்தறீங்களா?”

சுபஸ்ரீ போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதிர்பார்த்திருந்த அழைப்பு வந்தேவிட்டது.

கல்வராயன் மலையில் அவர்கள் வீட்டுக்குள் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. மரவள்ளிக் கொல்லையின் மேட்டில் ஏறி நின்றால்தான் பேச்சு அறுந்துபோகாமல் வரும். கீழே களை கொத்திக்கொண்டிருந்த அம்மா பொன்னாயி நிமிர்ந்து, ‘அவங்களா?’ என்று ஜாடையில் கேட்டாள். சுபஸ்ரீ தலையாட்டினாள்.

‘பொன்வயல்’ என்ற செல்போன் விளையாட்டுக் கம்பெனியில் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்ல ஆள் எடுத்தார்கள். “பத்து மணிக்கு மேல கால் வரும். பேசறவர் கடைசிவரைக்கும் கஸ்டமர் மாதிரியேதான் நடிப்பார். கத்துவார், திட்டுவார். அவர் பிரச்சினையைத் தீர்த்து வைக்கணும், அதுதான் டெஸ்ட்” என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அதற்காகவே அந்த உழவு விளையாட்டை ஆடி ஆடி, பரிசுக் கோடு எழுத்துகளைப் போடும் முறைவரை தெரிந்துவைத்திருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஊரின் மற்றப் பெண்களோடு பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

“வணக்கங்க, என் பேரு சுபஸ்ரீ. உங்க கோடு ஏறாம நான் போனை வைக்க மாட்டேன். உங்க பேரு சொல்லுங்கண்ணா.”

“அய்யனாரு. மூங்கில்துறைப்பட்டு ஆலையில கரும்பு லோடோட லைன்ல நிக்கிறேன். பிஸ்கெட் பாக்கெட்டுல ஒரு சீட்டு வந்திச்சி. அதுல இருக்கற கோடப் போட்டா உங்க பொன்வயல் கேமுல டிராக்டர் இலவசமாம். முன்னாடி வண்டிக்காரன், பின்னாடி வண்டிக்காரன் எல்லாம் டிராக்டர் ஓட்டிக்கினு இருக்கான். நான் மட்டும் இன்னும் மாடு பூட்டி உழுதுக்கினு இருக்கேன். சிரிக்கிறானுங்கமா!”

பின்னால் ஒரு ஹாரன் நீளமாக அலறியது. சுபஸ்ரீக்கு வியப்பாக இருந்தது. நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிற ஆளாகத் தேடிப் பிடித்திருக்கிறார்களே! ஹாரன் சத்தத்துக்குக்கூட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி என்றால் சும்மாவா?

“கோடு போட்டதும் சிவப்பு எழுத்துல என்ன வருதுங்க?”

“இன்வாலிடுன்னு வருது.”

“அப்ப கவலய விடுங்க. தேதி முடிஞ்சிருந்தா எக்ஸ்பயர்டுன்னு வரும். வேற யாராவது போட்டிருந்தா யூஸ்டுன்னு வரும். உங்க கோடு உசுரோடதான் இருக்கு. அடிக்கிறதுலதான் எங்கியோ இடிக்குது.”

“எனுக்கு அடிக்கத் தெரிலன்றியா? எத்தினி வருசமா செல்லு வச்சிருக்கேன் தெரியுமா?”

“உங்களச் சொல்லலைங்கண்ணா. அந்தச் சீட்டுல அச்சே அப்படி. எல்லாம் பெரிய எழுத்தா, நடுவுல இடம் விடாம அடிச்சுப் பாருங்க.”

அடித்தார். அதே இன்வாலிட். கேமைப் புதுப்பிக்கச் சொன்னாள். புதுப்பித்தார். அதற்கும் அதே இன்வாலிட்.

“இரு, இரு. வண்டி நவுருது” என்றவர் போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். எஞ்சின் உறுமியது. யாரோ யாரையோ வைதார்கள். பொறுமையைச் சோதிக்கிறார்கள் என்று சுபஸ்ரீக்குப் புரிந்தது. அசையாமல் காத்திருந்தாள்.

திரும்பி வந்தவர் குரலில் இன்னும் சூடு. “இன்னியோட கடைசி நாளாம். போங்கமா, நீங்களும் உங்க கேமும்! வைக்கிறேன்.”

“வைக்காதீங்கண்ணா. இவ்ளோ தூரம் வந்துட்டோம். சீட்ட வெயில்ல காட்டி ஒவ்வொரு எழுத்தா படிங்க.”

“வி... ஏ... எல்... சைபரு... மூணு...”

“நில்லுங்க. அந்தச் சைபரு ஒல்லியா இருக்கா, குண்டா இருக்கா?”

“நல்லா குண்டா, பணியாரமாட்டம் இருக்கு.”

“அப்ப அது ஓ. பக்கத்துல மூணுன்னீங்களே, எட்டா இருக்குமா?”

அய்யனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கண்ணாடிய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்மா. எனுக்கு மூணும் எட்டும் ஒண்ணாத்தான் தெரியுது. சீட்டுக்குக் கீழ இருந்த கம்பெனி நம்பரயே குத்துமதிப்பாத்தான் போட்டேன்.”

நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

“கண்ணாடி இல்லேன்னா என்னங்க, நான் இருக்கேன். சைபர எடுத்துட்டு ஓ, மூண எடுத்துட்டு எட்டு. போட்டுட்டு கேம ஒருவாட்டி மூடித் தொறங்க. டிராக்டர் உங்க வயல்லயே நிக்கும்.”

கேமை மூடித் திறக்கிற நேரம்தான். சுபஸ்ரீக்குக் காது கிழிந்தது.

“வந்திச்சிமா! செவப்பு டிராக்டரு! டேய் வீரமணி, இங்க வந்து பாருடா! நீ நல்லா இருக்கணும்மா. உன்னமாதிரி பொறுமையா பேசற ஆள நான் பாத்ததே இல்ல.”

பேச்சு முடிந்தது. சுபஸ்ரீ மேட்டிலிருந்து கையை ஆட்டினாள். “அம்மா, வேலை நமக்குத்தான்!”

பொன்னாயி களைக்கொத்தியைப் போட்டுவிட்டு வருவதற்குள் போன் மறுபடியும் அடித்தது. முடிவைச் சொல்லத்தான் இருக்கும் என்று சிரித்த முகத்தோடு எடுத்தாள்.

“சுபஸ்ரீங்களா? பொன்வயல் கம்பெனியிலேர்ந்து நிர்மலா பேசறேன். உங்க டெஸ்ட்டுக்காகப் பத்து மணியிலேர்ந்து கூப்பிடறோம், லைனே கிடைக்கல. இன்டர்வியூ நேரத்துல யார்கூடங்க அவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தீங்க?”

அப்படியானால் அந்த ஹாரன் நிஜ ஹாரன்தான் என்று சுபஸ்ரீக்கு உறைத்தது. மறுகணம் குரலைச் சரிசெய்துகொண்டு, “மன்னிச்சுக்குங்க மேடம், உங்க கஸ்டமர் ஒருத்தர்கூடத்தான்” என்றாள்.