கரடி தின்ற கிழங்கு

மலைக்காட்டில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று எல்லோரும் கரடியிடம்தான் கேட்பார்கள். அந்தக் கரடியே ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி கிடந்தது. பெண்கரடி ஓடிப்போய், வைத்தியம் பார்க்கும் மந்தியை அழைத்து வந்தது.

"என்ன தின்னீங்க அண்ணே?" என்று மந்தி கேட்டது.

உண்மையைச் சொல்லக் கரடிக்கு வெட்கமாக இருந்தது. "தேன்தான். கெட்டுப்போயிருக்கும்."

"தேனுக்கா இந்தப் பாடு? சரியாச் சொன்னாத்தான் மருந்து தர முடியும்."

"தேன்தான்னு சொல்றேனே!"

பெண்கரடி பெருமூச்சு விட்டது. "சரி, அந்தத் தேனைக் கொட்டிடறேன். குட்டிங்க பசியில இருக்கு. நீங்க தோண்டிட்டு வந்த கிழங்கு மிச்சம் இருக்கே, அதைக் கொடுக்கிறேன்."

கரடி பதறி எழுந்தது. "ஐயோ, தொடாதே! அது வள்ளிக்கிழங்கு இல்லை, செங்காந்தள் கிழங்கு, விஷம். இலை காய்ஞ்சு கிடந்ததால ஏமாந்துட்டேன். அதைத்தான் தின்னேன்!"

மந்தி உடனே கரித்தூளைத் தண்ணீரில் கலக்கியது. "வாயைத் திறங்க அண்ணே. இனி நான் பார்த்துக்கிறேன்."

கறுப்புத் தண்ணீரைக் கரடி ஒரு சொட்டு விடாமல் குடித்தது. சில நாளில் எழுந்து உட்கார்ந்தது. குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அதன் மடியில் ஏறின.