சாந்தம்மாளின் காதுக்குள் ஒருவன்

சாமை அறுத்த கொல்லையில் சாந்தம்மாள் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

கோபால்சாமி புளியமரத்துக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்தான்.

இருபத்தாறு வருஷமாக அவளோடு குடித்தனம் செய்கிறவன். அவள் நடை அவனுக்குத் தெரியும். தலையில் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம். நேரே போவாள், நேரே வருவாள்.

இது அந்த நடை இல்லை.

பத்தடி போனாள், நின்றாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் அண்ணாந்து பார்த்தாள். தலையாட்டினாள். சட்டென்று வலப்பக்கம் திரும்பினாள். காதிலிருந்து வயர் தொங்கியது. செல்போனை இடுப்பில் செருகியிருந்தாள்.

நாலு நாளாக இதே கூத்து. புல்லறுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறாள், புல் இல்லாமல் திரும்புகிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அந்த ஒன்றுமில்லைதான் அவனுக்குச் சோறு இறங்காமல் செய்தது.

காத்து கருப்பு அடித்திருக்குமோ என்று முதலில் நினைத்தான். காத்து கருப்பு அடித்தவள் இப்படி வேளாவேளைக்குப் போனுக்குச் சார்ஜ் போடுவாளா?

இன்றைக்கு இன்னொன்றையும் பார்த்தான். வலது கையைப் பின்னால் நீட்டியபடி நடந்தாள். யாரையோ கைபிடித்துக் கூட்டிவருகிறவள்போல.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் யார்?

ஓடிப்போய் அவள் காதிலிருந்து ஒரு வயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான்.

ஆம்பளைக் குரல்.

"அவசரம் வேண்டாம். நிதானமாக வாருங்கள். நான் உங்களோடுதான் இருக்கிறேன்."

"யார்றா நீ?" என்று கத்தினான் கோபால்சாமி.

அந்தக் குரல் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலும் சொல்லவில்லை. "உங்கள் வலப்பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கட்டடம் தெரிகிறதா?" என்று கேட்டது.

அவன் வலப்பக்கம் பார்த்தான். ஒரு பலாமரமும், அதில் கட்டியிருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாளின் ஆடும்தான் தெரிந்தன.

"அது மெட்ராசு," என்றாள் சாந்தம்மாள். "சென்ட்ரல் ஸ்டேசன்ல எறங்கி, ஊரச் சுத்திப் பாக்கறவங்களுக்காகப் பேசிப் பதிஞ்சு வச்சது. கேட்டுக்கினே நடந்தா அவரே வழி சொல்லுவாரு."

"உனுக்கு இன்னாத்துக்குடி அது?"

அவள் தன் காதில் மிச்சமிருந்த வயரை அழுத்திக்கொண்டாள்.

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒடுகத்தூர் சந்தையைத் தாண்டி எங்கும் போகாதவள். மெட்ராசில் சொந்தம் இல்லை, பந்தம் இல்லை. சும்மா கட்டடம் பார்க்க ஆசைப்படுகிறவளும் இல்லை. அப்படியானால் தன்னை விட்டுப் போகப் போகிறாளா? போகிறவள் அவன் கண்ணெதிரேயா வழி பழகுவாள்?

"வா, நீயும் கேளு," என்றாள்.

ஆளுக்கொரு வயரைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தார்கள். குரல் திரும்பச் சொன்னபோது திரும்பினாள். நிற்கச் சொன்னபோது நின்றாள். அவன் ஒன்றும் புரியாமல் அவளோடு திரும்பினான், அவளோடு நின்றான். ஆடு மேய்வதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தது.

"இப்போது படிகளில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடப்போம்," என்றது குரல்.

கொல்லையோரம் காய்ந்துகிடந்த ஓடைக்குள் அவள் இறங்கினாள். அவன் இறங்கும்வரை நின்று, கைகொடுத்து, அந்தப் பக்கம் ஏற்றிவிட்டாள். தினமும் தாண்டுகிற ஓடைக்கு எதற்குக் கை? கேட்க நினைத்தான். அதற்குள் குரல் பேசியது.

"எதிரே இருப்பது அரசு பொது மருத்துவமனை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. நாம் உள்ளே போகப் போவதில்லை. இதைத் தாண்டி நடப்போம்."

சாந்தம்மாள் போனை எடுத்து அமர்த்தினாள். குரல் நின்றுவிட்டது.

"இன்னும் இருக்குது போலயே," என்றான்.

"இதோட போதும்."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. நாலு நாளாக மனசுக்குள் கண்டபடி திட்டித் தீர்த்ததெல்லாம் நெஞ்சில் குத்தியது. இவளுக்கு ஏதோ வந்திருக்கிறது. சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தனியாகப் போக வழி பழகியிருக்கிறாள்.

"ஒடம்புக்கு இன்னாடி?" என்று கேட்டான். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? நா கூட்டிம்போறேன். பயப்படாத. மெட்ராசு இன்னா, எங்க வேணாலும் கூட்டிம்போறேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"போன மாசம் வேன்ல வந்து எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தாங்கல்ல," என்றாள், முந்தானைக்குள்ளிருந்தே. "டிபி இல்லியாம். வேற இன்னாவோவாம். பெரிய டாக்டருங்கதான் பாக்கணும்னு நர்சு அருணா எழுதிக் குடுத்தாங்க."

ஜாக்கெட்டுக்குள் நாலாக மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

அவன் அஞ்சாவதுவரை படித்தவன். இங்கிலீஷை விட்டுவிட்டு, தமிழில் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, சாந்தம்மாளின் 'சா'வைத் தேடினான்.

பெயர்: கோபால்சாமி. வயது: ஐம்பத்திரண்டு.

இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தான்.

"உங்கிட்ட சொல்றதுக்கு வாய் வரல," என்றாள் சாந்தம்மாள். "அதான், வழியையாவது கத்துக்கலாம்னு."