மேல் கோடு வரைக்கும்

"இது வேணாம் கிளைவ், தண்ணி மாதிரி இருக்கு. எனக்கு அந்தப் பழைய கெட்டி ஆயில், இருபது-ஐம்பதுதான் வேணும்."

கவுண்டரில் இருந்த ஆயில் டப்பாவை ராய் பென்ஃபோல்ட் திருப்பித் தள்ளினார்.

"இப்ப எல்லாரும் இதைத்தான் ஊத்துறாங்க, ராய்."

"புது வண்டிக்கு ஊத்தட்டும். பழைய மினி கார்ல எஞ்சினும் கியரும் ஒரே ஆயில்லதானே குளிக்குது? மெல்லிசா ஊத்தினா கியர் பல்லு தேஞ்சுடும். மிச்சம் சீல் வழியா ஒழுகித் தெருவுக்குப் போயிடும். நீதானே சொல்லிக் கொடுத்தே?"

"சொல்லிக் கொடுத்தவனுக்கே பாடமா?" கிளைவ் சிரித்தார். பர்மிங்காமில் பழைய கார்களைத் தட்டிக்கொட்டி ஓட வைக்கும் பட்டறை அவருடையது. "உட்காருங்க. உள்ளே ஒரு டப்பா இருக்கும், தேடிப் பார்க்கிறேன்."

அதற்குள் வாசலில் ஒரு வெளிர்மஞ்சள் மினி வந்து நின்றது. எழுபத்தெட்டு வயது மிஸஸ் ஹேட்லி மெதுவாக இறங்கி வந்தார். கணவர் விட்டுப்போன கார் அது.

"கண்ணு, நாளைக்கு பார்மத் வரைக்கும் போகணும். வண்டி தாங்குமான்னு பார்த்துச் சொல்லு."

"பார்மத்தா! நூறு மைலுக்கு மேல இருக்கே. மலை ஏறி இறங்கணும்."

"அக்கா எனிட் அங்கதானே இருக்கா. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மூச்சு இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துடணும். ரயில் மாறி ஏற என் முட்டி ஒத்துக்காது."

கிளைவ் தலையாட்டினார். "வாராவாரம் பார்த்து ஆயில் ஊத்துறீங்கல்ல? வாரத்துக்கு அரை லிட்டர் ஒழுகிடும்னு நாலு மாசத்துக்கு முன்னாடியே சொன்னேனே."

மிஸஸ் ஹேட்லி தலையைக் குனிந்துகொண்டு கையுறையைக் கழற்றினார். விரல் கணுக்கள் வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தன.

"இந்தக் கையால பானட்டைத் திறக்கவே முடியல, கண்ணு. ஒரு தடவைகூட ஊத்தல."

"நாலு மாசமாவா? என்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து ஊத்தியிருப்பேனே!"

"வெட்கமா இருந்துச்சு. இனிமே ஓட்டாதேன்னு சாவியைப் பிடுங்கிப்பியோன்னு பயம் வேற. அதனால ஆண்டவர்கிட்ட மட்டும் சொன்னேன். சாவி போடுறப்பல்லாம், 'எனிட்டைப் பார்க்கிற வரைக்கும் இந்த வண்டியைக் காப்பாத்தும்'னு ஜெபம் பண்ணிட்டுத்தான் கிளம்புவேன்."

ஆயில் இல்லாமல் மலையேறினால் எஞ்சினும் கியரும் ஒன்றாக இறுகிவிடும். இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே கிளைவ் பானட்டைத் தூக்கினார். ஆயில் அடிக்கு இறங்கட்டும் என்று ஐந்து நிமிடம் விட்டு, மூன்று பேருக்கும் டீ போட்டார்.

ராய் டீயைத் தொடவில்லை. எழுந்து காரின் பக்கத்தில் போய் நின்றார். "பாரு கிளைவ், சீக்கிரம் பாரு."

"இறங்கட்டும் ராய். உங்க வண்டிக்குக்கூட இப்படிப் பதற மாட்டீங்க போலிருக்கே!"

"நீங்களும் மினி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் மிஸஸ் ஹேட்லி.

"ஒண்ணைப் பார்த்துக்கிறேன்மா" என்றார் ராய்.

கிளைவ் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். ஆயில் மேல் கோடு வரைக்கும் நிறைந்திருந்தது.

மறுபடி துடைத்து, மறுபடி விட்டார். மேல் கோடு. மூன்றாவது தடவையும் அப்படியே.

"பெட்ரோல் பம்ப்புக்குள்ள ரப்பர் கிழிஞ்சு ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கும். அப்பத்தான் அளவு இப்படி ஏறும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை துளியும் இல்லை. விரலில் தொட்டுத் தேய்த்தார். தேன் நிறம், நல்ல பிசுபிசுப்பு.

"இருபது-ஐம்பதேதான்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

காருக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. ஒழுகல் நிற்கவில்லை. அளவும் குறையவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர கோயில் பக்கம் போகாத கிளைவ், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தைரியமா போயிட்டு வாங்க மிஸஸ் ஹேட்லி. உங்க அக்காவை நான் கேட்டதாச் சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளைவின் கன்னத்தைத் தட்டிவிட்டு அந்த அம்மா கிளம்பிப் போனார். கார் தெருமுனை திரும்பும் வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"நல்லவேளை, நீங்க கூட இருந்தீங்க ராய். நான் மட்டும் சொன்னா எவன் நம்புவான்? இருங்க, உங்க டப்பாவை எடுத்துட்டு வர்றேன்."

"இன்னிக்கு வேணாம்பா."

"அப்ப உங்க மினிக்கு?"

"எனக்கு ஏது மினி? சைக்கிள்கூட இல்ல. காலையில பேப்பர் வாங்க அந்தம்மா தெரு வழியாத்தான் போவேன். ஒரு நாள் வண்டிக்குக் கீழே ஆயில் தேங்கிக் கிடந்துச்சு. பானட்டுக்குப் பூட்டு கிடையாதே, திறந்து பார்த்தேன், பாவமா இருந்துச்சு. அப்புறம் வாராவாரம், அவங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஊத்திட்டுப் போயிடுவேன்."

கிளைவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட மனுஷா, நீங்கதானா! அதிசயம்னு நினைச்சு நான் தொப்பியையே கழட்டிட்டேனே!"

ராய் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த அந்த இரண்டு சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொப்பியை மாட்டிக்காதே கிளைவ். நெஞ்சுவலின்னு ஆறு வாரமா ஆஸ்பத்திரியில கிடந்தேன். வண்டி காஞ்சு போயிருக்குமேன்னு பதறி, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கதான் வர்றேன்."