பரண் மூடி

அபர்டீனில் பனி கொட்டிய மதியம். கைக்குழந்தையைப் பார்க்க முதல் தடவையாக வந்திருந்த நர்ஸ் மோர்வென், ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துவிட்டுத் தாய் ஐல்சாவைப் பார்த்தாள்.

“நெஞ்சுல சளி கட்டியிருக்கே ஐல்சா! ஹீட்டர் சூடெல்லாம் அந்தப் பரண் ஓட்டை வழியா மேல போயிடுது.”

“அதுக்குத்தான் மாமா மூடி செய்றாரு.”

மூலையில் மாமனார் ஃபெர்கஸ், தெர்மாகோல் பலகையை மரச்சட்டத்தில் ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை பதித்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கைப்பிடியை மாட்டினார்.

மோர்வென் சிரித்துவிட்டாள். “என்ன பெரியவரே, கைப்பிடி மேல்பக்கம் போயிடுச்சு! இவங்க கீழேயிருந்து எப்படித் திறப்பாங்க?”

“இவங்க திறக்க வேண்டாம்மா.”

அவர் மூடியோடு ஏணியில் ஏறிப் பரணுக்குள் போய், மேலிருந்தே அதை இறக்கினார். இம்மி இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

அவருக்கு ஊற்றி வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“எப்ப இறங்குவாரு?”

ஐல்சா தலை குனிந்தாள். “வீடு பறிபோனதிலிருந்து அவர் அங்கதான் படுக்கிறாரு. எங்களுக்கு இருக்கிறதே இந்த ஒரு ரூம். இத்தனை நாளும் ஓட்டை வழியாப் போன சூடுதான் அவருக்கு.”

மோர்வென் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றிக்கொண்டு ஏணியில் ஏறி, மூடியைத் தட்டினாள்.

“திறக்கச் சொல்லாதம்மா,” என்றது மேலிருந்து குரல். “பிள்ளைக்குச் சூடு போயிடும்.”