வரிசையில் நிற்காதவர்

"ஏங்க, நாலு மணிக்கு வாக்குச்சாவடியைப் பூட்டிடுவாங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன்," என்று மூன்றாவது முறையாகக் கெஞ்சினாள் மனைவி.

பெரியவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "வரிசையில நிக்கணுமாமே?"

"எல்லாரும்தான் நிக்கறாங்க. நம்ம சமையல்காரருக்குப் பின்னாடி அரைமணி நேரம் நின்னேன். என் கால் ஒண்ணும் தேஞ்சு போயிடல."

"எங்க தாத்தா நின்னாரா? எங்கப்பா நின்னாரா? அவனுக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டுன்னா குடும்ப மானம் என்ன ஆவறது?"

"வீடே கைவிட்டுப் போயிடுமே!"

"என் ஒரு ஓட்டுலயா போகப்போகுது?"

கடிகாரம் நாலு அடித்தது. அவர் அசையவில்லை.

மறுநாள் காலையில் தேர்தல் அதிகாரி வந்து வணங்கினார்.

"முடிவு வந்துடுச்சு, ஐயா. மன்னராட்சி வேண்டாம், குடியரசுதான் வேணும்னு மக்கள் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். சமமா வந்திருந்தாகூட நீங்களே மன்னரா நீடிச்சிருப்பீங்க."

மனைவி அவரைப் பார்த்தாள்.

பெரியவர் தலையிலிருந்த கிரீடத்தை மெல்லக் கழற்றினார். "இதை யார்கிட்ட ஒப்படைக்கணும்?"

"நகராட்சி அலுவலகத்துல மூணாவது ஜன்னல், ஐயா. சீக்கிரம் கிளம்புங்க," என்றார் அதிகாரி. "வரிசை இப்பவே தெருமுனை வரைக்கும் நிக்குது."